அன்றாட மன அழுத்தத்தைத் தணிப்பது எப்படி? உடலிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

“எதையும் மனசில் போட்டுக் குழப்பிக்காதே” என்று சொல்லாத பெரியவர்கள் நம் வீடுகளில் இல்லை. அந்த அறிவுரையில் அன்பு இருக்கிறது, வழி இல்லை. மாதக் கடைசியில் கட்ட வேண்டிய கடன் தவணை, மறுநாள் காலைக்குள் முடிக்க வேண்டிய அலுவலக அறிக்கை, இரண்டு நாளாகத் தண்ணீர் லாரி எட்டிப் பார்க்காத தெரு, தேர்வுக்கு முதல் நாள் கைபேசியும் கையுமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளை என்று நாலா பக்கமும் இழுபடும் நேரத்தில், மனத்தைப் பார்த்து ‘அமைதியாக இரு’ என்று அதட்டினால் அது கேட்பதில்லை. கேட்கவில்லையே என்ற எரிச்சலும் சேர்ந்துகொள்வதுதான் மிச்சம்.

ஆகவே இந்த வழிகாட்டி மனத்திலிருந்து தொடங்கவில்லை. உடலை முதலில் இறக்கிவிட்டால் மனம் அதன் பின்னால் தானாக இறங்கும் என்பதே இதன் அடிப்படை. இங்கே சொல்லப்படும் எதற்கும் செலவு கிடையாது. தனி அறையோ சிறப்பு உடையோ கைபேசிச் செயலியோ தேவையில்லை. ஆனால் ஒவ்வொன்றையும் எப்படிச் செய்வது, எந்த நேரத்தில் செய்வது, யார் செய்யக் கூடாது என்பவை தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலான அறிவுரைகள் “மூச்சுப் பயிற்சி செய்யுங்கள், நன்றாகத் தூங்குங்கள்” என்பதோடு நின்றுவிடுவதால், அந்த விவரங்களுக்குத்தான் இங்கே அதிக இடம் தரப்பட்டிருக்கிறது.

உடலுக்குள் நடப்பது என்ன?

ஆபத்தைக் கண்ட உடல் ஒன்று எதிர்த்து நிற்கத் தயாராகிறது, அல்லது ஓடித் தப்பத் தயாராகிறது என்பதை அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் வால்டர் கேனன் 1915இல் விளக்கினார். சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளிலிருந்து சில நொடிகளிலேயே அட்ரினலின் வெளியேறுகிறது. இதயத் துடிப்பு கூடுகிறது, மூச்சு மேலோட்டமாகவும் வேகமாகவும் மாறுகிறது, செரிமானம் மந்தமாகிறது, தோளும் தொடையும் இறுகுகின்றன. சில நிமிடங்கள் கழித்து அதே சுரப்பியின் வெளிப்பகுதியிலிருந்து கார்டிசால் சுரந்து, இரத்தத்தில் சர்க்கரையை உயர்த்தி, இந்த விழிப்பு நிலையை நீட்டிக்கிறது. குளிர், காயம், நச்சு என்று காரணம் எதுவாக இருந்தாலும் உடல் ஏறத்தாழ ஒரே மாதிரியாகத்தான் எதிர்வினை காட்டுகிறது என்பதை எலிகளிடம் கண்டறிந்து, கனடாவில் பணியாற்றிய மருத்துவ ஆய்வாளர் ஹான்ஸ் செலியே 1936இல் எழுதினார்.

வீட்டுக்குள் பாம்பு நுழைந்துவிட்டால் இந்த ஏற்பாடு உயிரைக் காக்கும். பாம்பு வெளியேறியதும், அல்லது நாம் வெளியேறியதும், உடல் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். மேலதிகாரியின் வாட்ஸ்அப் செய்தியோ வெளியேறுவதே இல்லை. ஓடவும் முடியாமல், எதிர்க்கவும் முடியாமல், நாற்காலியில் உட்கார்ந்தபடியே பகல் முழுவதும் ஓட்டத்துக்குத் தயாரான உடலோடு இருக்கிறோம். மாலையில் ‘ஒரு வேலையும் செய்யாமலேயே உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல் இருக்கிறது’ என்று சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

உடலை ஆற்றுப்படுத்துவதற்கென்று தனி நரம்பு மண்டலம் ஒன்று இருக்கிறது. அதன் முதன்மையான நரம்பு வேகஸ் நரம்பு; மூளைத் தண்டிலிருந்து கிளம்பி, கழுத்து வழியாக இதயத்துக்கும் நுரையீரலுக்கும் குடலுக்கும் செல்கிறது. இதயத்தைப் பார்த்து ‘மெதுவாகத் துடி’ என்று நம்மால் ஆணையிட முடியாது. மூச்சும் தசைகளும் அப்படியல்ல. தானாக இயங்கிக்கொண்டிருக்கும் மூச்சை விரும்பியபோது நாமே நடத்தலாம். இறுகிய தசையை நாமே தளர்த்தலாம். பின்வரும் படிகளில் மிக முக்கியமான இரண்டும் இந்த இரண்டைச் சார்ந்தவை.

முதல் படி: இறுக்கம் எங்கே தங்குகிறது என்று கண்டுபிடியுங்கள்

இதைப் படித்துக்கொண்டிருக்கும் இந்த நொடியில் உங்கள் மேல்பற்களும் கீழ்ப்பற்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றனவா என்று கவனியுங்கள். உணவை மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர, பற்களுக்கிடையே சிறு இடைவெளி இருப்பதுதான் தாடையின் ஓய்வு நிலை. தொட்டுக்கொண்டிருந்தால் நீங்கள் அறியாமலேயே தாடையைக் கடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். சிலருக்கு இறுக்கம் தாடையில் இருக்கும். சிலருக்குத் தோள்கள் காதை நோக்கி ஏறியிருக்கும். சிலருக்கு வயிற்றில் பிசைவதுபோல் இருக்கும். வேறு சிலருக்கு இரு புருவங்களுக்கும் நடுவில் சுருக்கம் விழுந்திருக்கும்.

ஒரு வாரத்துக்கு ஒரு சிறு குறிப்பேட்டில் மூன்றே விவரங்களை மட்டும் எழுதுங்கள்: நேரம், நடந்தது, உடலில் உணர்ந்த இடம். ‘காலை 7.40, பள்ளி வேன் ஹாரன், டிபன் டப்பா இன்னும் மூடவில்லை, தோள்’, ‘பிற்பகல் 3.15, வாடிக்கையாளரிடமிருந்து இரண்டாவது அழைப்பு, வயிறு’, ‘இரவு 9.30, மாமியார் வீட்டுக் குடும்பக் குழுவில் புதிய செய்தி, தாடை’ என்ற அளவுக்குச் சுருக்கமாக இருந்தால் போதும். அதற்கு மேல் காரண காரியங்களை ஆராய வேண்டாம். ஆராய்ச்சியே புதிய கவலையாகிவிடும். வாரக் கடைசியில் திரும்பிப் பார்த்தால், அழுத்தம் நாள் முழுவதும் பரவிக் கிடக்கவில்லை, சில குறிப்பிட்ட வேளைகளில்தான் குவிகிறது என்பது பெரும்பாலானோருக்குத் தெரியவரும். அடுத்து வரும் பயிற்சிகளை அந்த வேளைகளுக்குச் சற்று முன்னால் பொருத்துவதற்காகத்தான் இந்தக் குறிப்பேடு.

இரண்டாம் படி: வெளிமூச்சை நீட்டுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதையே கடைப்பிடியுங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயம் சற்று வேகமாகவும், வெளியே விடும்போது சற்று மெதுவாகவும் துடிக்கிறது. வெளிமூச்சின்போது வேகஸ் நரம்பின் பிடி இதயத்தின் மேல் கூடுவதே இதற்குக் காரணம். ஆகவே உள்மூச்சைவிட வெளிமூச்சு நீளமாக இருக்குமாறு பார்த்துக்கொண்டால், இதயத்தை மறைமுகமாக மெதுவாக்கிவிடலாம். “நன்றாக மூச்சை இழுத்து விடு” என்று சொல்லும்போது எல்லோரும் இழுப்பதிலேயே கவனம் வைக்கிறார்கள். பலன் இருப்பதோ விடுவதில்.

செய்யும் முறை எளிது. நாற்காலியில் இரு பாதங்களும் தரையில் படும்படி உட்காருங்கள். தரையில் சம்மணமிட்டு உட்கார்வதும் சரியே. ஒரு கையைத் தொப்புளுக்கு மேலே வையுங்கள். மனத்துக்குள் நான்கு எண்ணும் வரை மூக்கு வழியாக மூச்சை இழுங்கள். அப்போது மார்பு உயராமல் வயிறு மெல்ல வெளியே தள்ள வேண்டும். பிறகு ஆறு எண்ணும் வரை, மூக்கு வழியாகவோ லேசாகக் குவித்த உதடுகள் வழியாகவோ வெளியே விடுங்கள். நடுவில் அடக்கி நிறுத்த வேண்டாம். ஒரு மூச்சுக்குப் பத்து நொடி ஆவதால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். சாதாரணமாக ஓய்விலிருக்கும் பெரியவர்கள் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார்கள்.

எத்தனை மூச்சு ஆயிற்று என்று எண்ணுவதற்கு நம்மிடம் பழைய முறை ஒன்று இருக்கிறது. கட்டைவிரல் நுனியால் மற்ற நான்கு விரல்களின் கணுக்களை, விரலுக்கு மூன்று வீதம், ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வாருங்கள். ஒரு கை முடிந்தால் பன்னிரண்டு மூச்சு, அதாவது இரண்டு நிமிடம். இரு கைகளும் முடிந்தால் நான்கு நிமிடம். கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதில்லை, பேருந்தில் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது.

ஆறு எண்ணுவதற்குள் மூச்சு முட்டினால், மூன்று எண்ணி இழுத்து நான்கு எண்ணி விடுங்கள். பழகிய பின் நீட்டிக்கொள்ளலாம். தலை சுற்றினாலோ விரல் நுனிகள் மரத்ததுபோல் இருந்தாலோ நீங்கள் தேவைக்கு அதிகமான காற்றை இழுக்கிறீர்கள் என்று அர்த்தம். மூச்சை மெதுவாக்குங்கள், ஆழமாக்க வேண்டாம்.

உடனடியாகப் படபடப்பைக் குறைக்க வேண்டிய தருணங்களுக்கு இன்னொரு முறை உண்டு. மூக்கு வழியாக ஒரு முறை மூச்சை இழுத்து, விடுவதற்கு முன்பே மேலும் கொஞ்சம் இழுத்து நுரையீரலை நிரப்பி, பிறகு வாய் வழியாக நீளமாக, முழுவதுமாக விட வேண்டும். அழுது ஓயும் குழந்தை தானாகவே இப்படி இரட்டை மூச்சு விடுவதைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், நாள்தோறும் ஐந்து நிமிடம் வீதம் ஒரு மாதம் இந்தப் பெருமூச்சுப் பயிற்சியைச் செய்தவர்களின் மனநிலை, அதே அளவு நேரம் தியானம் செய்தவர்களைவிடக் கூடுதலாக மேம்பட்டிருந்தது. நேர்முகத் தேர்வு அறைக்கு வெளியேயோ மருத்துவமனை வரிசையிலோ இப்படி மூன்று மூச்சு விட்டாலும் வேறுபாடு தெரியும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகமான மூச்சுப் பயிற்சிகள் உடலைத் தூண்டிவிடுபவை. படபடப்பில் இருக்கும்போது தணிவதற்காக அவற்றைச் செய்வதில் பொருளில்லை. உயர் இரத்த அழுத்தம், இதய நோய், வலிப்பு உள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் அவற்றை மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. மேலும், சிலருக்குக் கண்ணை மூடி மூச்சைக் கவனித்தாலே பதற்றம் அதிகமாகும். இது அவர்கள் குறையன்று. அவர்கள் கண்ணைத் திறந்தபடியே, பாதம் தரையில் பதிவதைக் கவனித்துக்கொண்டு மெதுவாக நடக்கலாம், அல்லது அடுத்த படிக்கு நேராகச் செல்லலாம்.

மூன்றாம் படி: இறுக்கித் தளர்த்துங்கள்

தோளைத் தளர்த்து என்றால் பலருக்கும் எப்படித் தளர்த்துவது என்று தெரிவதில்லை; இறுகியே பழகிய தசைக்குத் தளர்வு மறந்துபோயிருக்கும். சிகாகோவில் பணியாற்றிய மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1920களில் இதற்கு ஒரு வழி கண்டார். தசைத் தொகுதிகளை ஒவ்வொன்றாக வேண்டுமென்றே இறுக்கி, பிறகு சட்டென்று விட்டுவிட்டு, இரண்டு நிலைகளுக்கும் உள்ள வேறுபாட்டை உணரச் செய்வதே அவருடைய முறை. அவருடைய மூல முறைக்கு மாதக்கணக்கான பயிற்சி தேவைப்பட்டது. இன்று மனநல மருத்துவர்களும் உளவியலாளர்களும் கற்றுத் தருவது அதன் சுருங்கிய வடிவம். மொத்தமாக 15 முதல் 20 நிமிடம் ஆகும்.

தரையில் பாய் விரித்து மல்லாந்து படுங்கள். முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்தால் முதுகுக்கு இதமாக இருக்கும். கைபேசியை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். முதலில் வலக்கை. எலுமிச்சம்பழத்தைப் பிழிவதுபோல் விரல்களை இறுக மூடி, ஐந்து முதல் ஏழு நொடி வரை அப்படியே வைத்திருங்கள். முழு பலத்தையும் செலுத்த வேண்டாம். முக்கால் பங்கு போதும். பிறகு கையை மெல்ல மெல்ல விரிக்காமல், மின்விளக்கை அணைப்பதுபோல் ஒரே கணத்தில் விட்டுவிடுங்கள். அடுத்த இருபது, முப்பது நொடிகள்தான் பயிற்சியின் உயிர்ப்பகுதி: உள்ளங்கையில் பரவும் வெதுவெதுப்பையும், விரல்கள் கனத்துப் பாயில் அழுந்துவதையும் கவனியுங்கள். அவசரப்பட்டு அடுத்த தசைக்குத் தாவினால் வெறும் உடற்பயிற்சி செய்ததாகத்தான் ஆகும்.

அதே முறையில் இடக்கை. பின்னர் முழங்கையை மடக்கி மேற்கைகள். நெற்றிக்கு, புருவங்களை முடிந்த அளவு மேலே உயர்த்தி விடுங்கள். கண்களுக்கு, சோப்பு நுரை பட்டுவிட்டதுபோல் இறுக மூடி விடுங்கள். தாடைக்கு, பற்களை மென்மையாகக் கடித்து விடுங்கள். பல்வலியோ தாடை மூட்டு வலியோ இருந்தால் இதைத் தவிர்த்து, வாயை அகலத் திறந்து மூடலாம். தோள்களைக் காது வரை உயர்த்தி, ‘எனக்கென்ன தெரியும்’ என்று சொல்லும்போது வைப்பதுபோல் வைத்து, பொத்தென்று விழவிடுங்கள். அலுவலகத்தில் கணினி முன் உட்கார்பவர்களுக்கு இந்த ஒரு தசைத் தொகுதியிலேயே பாதி இறுக்கம் இருப்பதால், இதை மட்டும் இரண்டு முறை செய்யலாம். வயிற்றை உள்ளே இழுத்து விடுங்கள். தொடைகளை இறுக்கி விடுங்கள். கெண்டைக்காலுக்கு, பாதத்தை உங்களை நோக்கி மடக்குங்கள். விரல் நுனிகளை வெளிப்பக்கம் நீட்டினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ள வாய்ப்புண்டு. கடைசியாகக் கால்விரல்களைச் சுருட்டி விடுங்கள்.

இறுக்கும்போது மூச்சை அடக்குவது பலருக்கும் தானாக வரும் பழக்கம். பேசும் அளவுக்கு மூச்சு இயல்பாக ஓட வேண்டும். அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும், எலும்பு முறிவோ கழுத்து எலும்புத் தேய்மானமோ உள்ளவர்களும் அந்தப் பகுதியை இறுக்கக் கூடாது. நடுவில் தூங்கிவிட்டால் கவலைப்படாதீர்கள். இரவில் செய்தால் அதுவே நோக்கம். இரண்டு வாரம் தொடர்ந்து செய்த பின், இறுக்காமலேயே தளர்த்தும் பழக்கம் கைவரத் தொடங்கும். அதன் பிறகு சிக்னலில் நிற்கும்போது தோளையும், கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போது தாடையையும், யாருக்கும் தெரியாமல் நினைத்த மாத்திரத்தில் விட்டுவிடலாம்.

நான்காம் படி: ஓட்டத்துக்குத் தயாரான உடலை நடக்கவிடுங்கள்

வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நாளுக்கு முப்பது நிமிடம் வீதம் ஐந்து நாள் என்று கணக்கு. அதைப் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்தாலும் தவறில்லை. பேசிக்கொண்டே நடக்க முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அதுதான் மிதமான வேகம். கடற்கரையும் பூங்காவும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. விடியற்காலையில் தெருவில் தனியாக நடப்பது எல்லாப் பெண்களுக்கும் எளிதான காரியமும் அன்று, நாய்த் தொல்லையும் உண்டு. மொட்டை மாடி இருந்தால் அதுவே போதுமானது. வீட்டுக்குத் திரும்பும்போது ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கி நடப்பது, அலுவலக எரிச்சலை வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு வருவதற்கு நான் அறிந்த வழிகளில் சிறந்தது.

ஐந்தாம் படி: கவலைக்கு ஒரு நேரமும் ஒரு தாளும் கொடுங்கள்

உடல் தணிந்த பிறகுதான் எண்ணங்களிடம் பேச முடியும். கவலைப்படாதே என்று சொல்வதைவிட, கவலைப்படுவதை ஒரு நேரத்துக்குத் தள்ளிப்போடு என்று சொல்வது நடைமுறைக்கு உகந்தது. நாள்தோறும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், அரை மணி நேரம் மட்டும் கவலைப்படுவதென்று வைத்துக்கொண்டு, மற்ற வேளைகளில் எழும் கவலைகளை அந்த நேரத்துக்கு ஒத்திவைத்தவர்களுக்குக் கவலை குறைந்ததை அமெரிக்க உளவியலாளர் தாமஸ் போர்கோவெக்கும் அவருடன் பணியாற்றியவர்களும் 1983இல் எழுதினார்கள். நம் வீடுகளில் மாலை விளக்கேற்றிய பிறகு, இரவுச் சமையல் தொடங்குவதற்கு முன் உள்ள பதினைந்து நிமிடத்திலிருந்து தொடங்கலாம். படுக்கையில் மட்டும் வேண்டாம்.

ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம், என்னால் ஏதாவது செய்யக்கூடியவை. வலப்பக்கம், என்னால் எதுவும் செய்ய முடியாதவை. ‘வீட்டு வாடகை ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது’ என்பது இடப்பக்கம். அதன் கீழ் உடனடியாகச் செய்யக்கூடிய மிகச் சிறிய செயலை எழுதுங்கள்: ‘சனிக்கிழமை காலை வீட்டுக்காரரிடம் பேசுவது’. ‘தம்பிக்கு இன்னும் வேலை அமையவில்லை’ என்பது வலப்பக்கம்; அவனுக்கு ஒரு விண்ணப்பத்தைச் சரிபார்த்துக் கொடுக்க முடியும் என்றால் அந்த அளவு மட்டும் இடப்பக்கத்துக்கு வரும். வலப்பக்கத்தில் உள்ளவற்றை எழுதி முடித்ததோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவை தீர்ந்துவிடாது, ஆனால் தாளில் இருப்பவற்றை மறந்துவிடுவோமோ என்று மனம் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

நெஞ்சில் நெடுநாளாகக் கிடக்கும் வேதனையாக இருந்தால் எழுதும் முறை வேறு. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், தங்களை ஆழமாகப் பாதித்த நிகழ்வைப் பற்றி எழுத்துப் பிழை, இலக்கணம் எதையும் பாராமல் எழுதினார்கள். எழுதி முடித்த உடனே அவர்கள் வருத்தமாகவே இருந்தார்கள். பின்வந்த மாதங்களில் மருத்துவரிடம் சென்றது குறைந்தது. ஆகவே எழுதியதும் அழுகை வந்தால் முறை தவறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். எழுதிய தாளைக் கிழித்துப் போடலாம். பிறர் படித்துவிடுவார்களோ என்ற அச்சம் இருந்தால் உண்மையை எழுத வராது. மிகக் கொடுமையான அனுபவம் என்றால் தனியாக எழுதாமல் மனநல ஆலோசகரின் துணையோடு எழுதுவதே நல்லது.

ஆறாம் படி: எரியும் அடுப்பில் விறகைத் தள்ளாதீர்கள்

உடம்பில் சேரும் காஃபினில் பாதி வெளியேறவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஐந்து மணிக்குக் குடித்த டிகிரி காப்பியின் பாதி, இரவு பத்து மணிக்கும் உள்ளே இருக்கிறது. காப்பியை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. பிற்பகல் இரண்டு மணிக்குள் கடைசி டம்ளரை முடித்துக்கொண்டு, மாலையில் சுக்குக் காப்பி, மோர் போன்றவற்றுக்கு மாறினால் போதும். தேநீரிலும் காஃபின் உண்டு. தூக்கத்துக்காகக் குடிப்பதாகச் சொல்லப்படும் மது, தூக்கத்தை விரைவில் வரவழைத்தாலும் பின்னிரவில் அதைக் கலைத்துவிடுகிறது.

கைபேசியை முற்றாக ஒதுக்குவது இன்று நடவாத காரியம். குடும்பக் குழு, பள்ளிப் பெற்றோர் குழு, அடுக்குமாடிக் குழு என்று எல்லாவற்றின் ஒலியையும் அணைத்துவிட்டு, உண்மையிலேயே அவசரமானவர் எப்படியும் அழைப்பார் என்ற நம்பிக்கையில் குறிப்பிட்ட வேளைகளில் மட்டும் திறந்து பாருங்கள். இரவு எட்டு மணிக்குமேல் தொலைக்காட்சி விவாதங்களைப் பார்ப்பவர்கள், அவற்றைப் பார்த்து முடித்ததும் தங்கள் தாடையைக் கவனிக்க வேண்டும் என்பதற்கு மேல் நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

ஏழாம் படி: இரவை ஒழுங்குபடுத்துங்கள்

தூக்கத்தைப் பொறுத்தவரை படுக்கும் நேரத்தைவிட எழும் நேரம் முக்கியம். ஞாயிற்றுக்கிழமை உட்பட எல்லா நாளும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் எழுந்து, எழுந்தவுடன் சிறிது நேரம் வெளிச்சத்தில் நின்றால், உடலின் உள்கடிகாரம் இரவில் தூக்கத்தை உரிய நேரத்தில் கொண்டுவரும். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தேவை. பகல் தூக்கம் பழகியவர்கள் அதை மூன்று மணிக்கு முன்பாக, அரை மணி நேரத்துக்குள் முடித்துக்கொள்ள வேண்டும்.

படுப்பதற்கு ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் முன்னதாக வெந்நீரில் குளிப்பது தூக்கத்தை விரைவுபடுத்துகிறது. சூட்டினால் கை கால்களின் தோலுக்கு இரத்த ஓட்டம் கூடி, அதன் வழியாக உடலின் உள்வெப்பம் வெளியேறுகிறது. உள்வெப்பம் இறங்குவதுதான் தூக்கம் வருவதற்கான அடையாளம். சித்திரை வெயிலில் வெந்நீரா என்று கேட்பது நியாயமே. அந்த நாட்களில் வெதுவெதுப்பான நீர் போதும்.

மறுநாள் வேலைகள் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தால், படுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் அவற்றைப் பட்டியலிடுங்கள். 2018இல் அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் நடந்த சிறிய ஆய்வில், மறுநாள் செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள், அன்று செய்து முடித்தவற்றை எழுதியவர்களைவிட ஏறத்தாழ ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். இருபது நிமிடத்துக்கு மேல் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் புரண்டுகொண்டிருக்காதீர்கள். எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் துணி மடிப்பது போன்ற சலிப்பூட்டும் வேலை எதையாவது செய்துவிட்டு, கண் சொக்கிய பிறகு படுக்கைக்குத் திரும்புங்கள். நள்ளிரவில் மணி பார்க்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். ‘இன்னும் நான்கு மணி நேரம்தான் இருக்கிறது’ என்ற கணக்கே மிச்சத் தூக்கத்தையும் விரட்டிவிடும்.

எட்டாம் படி: சுமையையும் குறையுங்கள்

மூச்சுப் பயிற்சியால் சம்பளம் உயராது, சமையலறை வேலை குறையாது. காலை ஐந்து மணிக்கு எழுந்து மூன்று பேருக்கு மூன்று விதமான டிபன் கட்டிவிட்டு அலுவலகம் போய்த் திரும்பி மறுபடியும் அடுப்படியில் நிற்கும் ஒரு பெண்ணிடம், “தினமும் பத்து நிமிடம் தியானம் செய்யுங்களேன்” என்று சொல்வது அவருடைய பட்டியலில் இன்னொரு வேலையைச் சேர்ப்பதாகும். அவருக்கு முதலில் தேவைப்படுவது, எல்லோருக்கும் ஒரே டிபன் என்ற முடிவும், பாத்திரம் கழுவுவது இன்னாருடைய வேலை என்ற தெளிவான பங்கீடும்தான். “கொஞ்சம் உதவி செய்யக் கூடாதா” என்று பொதுவாகக் கேட்பதால் பயன் இல்லை. எந்த வேலை, எந்த நாள், யார் என்று பேசி முடிவு செய்ய வேண்டும்.

அலுவலகத்திலும் அப்படியே. முடியாது என்று நேரடியாகச் சொல்வது நம் பணியிடங்களில் எளிதன்று. “செய்கிறேன் சார்; ஆனால் இதை இன்றைக்கு முடித்தால் நேற்றுக் கொடுத்தது வியாழக்கிழமைக்குத் தள்ளிப்போகும். எதை முதலில் முடிக்கட்டும்?” என்று கேட்பது மறுப்பாகவும் தோன்றாது, சுமையின் அளவும் அவர் கண்ணில் படும். இவற்றோடு, தீர்வு சொல்லாமல் கேட்கத் தெரிந்த ஒருவரையாவது வாழ்க்கையில் வைத்துக்கொள்ளுங்கள். பேசத் தொடங்கும்போதே “நீ ஒன்றும் சொல்ல வேண்டாம், கேட்டால் போதும்” என்று சொல்லிவிட்டால் அவருக்கும் எளிதாக இருக்கும்.

ஒன்பதாம் படி: ஒன்றிலிருந்து தொடங்குங்கள்

எட்டுப் படிகளையும் திங்கட்கிழமை காலையிலிருந்து ஒரே நேரத்தில் தொடங்கினால் வியாழக்கிழமைக்குள் அனைத்தும் நின்றுபோகும். முதல் வாரம் குறிப்பேடு மட்டும். இரண்டாம் வாரம், ஏற்கெனவே தவறாமல் செய்யும் ஏதாவது ஒரு செயலோடு மூச்சுப் பயிற்சியைக் கட்டிவிடுங்கள்: பல் துலக்கிய உடனே, வண்டியைக் கிளப்புவதற்கு முன், அல்லது பால் காயும் வரை. கடிகாரத்தில் நினைவூட்டல் வைப்பதைவிட இப்படிக் கட்டுவது நிலைக்கும். மூன்றாம், நான்காம் வாரங்களில் இரவில் தசைத் தளர்வைச் சேர்க்கலாம். அமைதியாக இருக்கும் நாட்களிலும் பயிற்சியை விடக் கூடாது என்பது முக்கியம். கொந்தளிப்பான நேரத்தில்தான் முதன்முறையாகச் செய்து பார்ப்பேன் என்றால் உடலுக்கு அது அடையாளம் தெரியாது. ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாகச் செய்யத் தேவையில்லை.

மருத்துவரிடம் எப்போது செல்ல வேண்டும்?

இந்த வழிகள் அன்றாட அழுத்தத்துக்கு உரியவை. நெஞ்சு வலி, இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமின்றிக் கொட்டும் வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவற்றை ‘டென்ஷனாக இருக்கும்’ என்று தள்ளிவிடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தைராய்டு கோளாறும் இரத்தசோகையும்கூடப் படபடப்பாகவும் களைப்பாகவும் வெளிப்படும் என்பதால், நெடுநாள் தொந்தரவு என்றால் ஒரு முறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. துயரமோ, எதிலும் பிடிப்பில்லாத நிலையோ இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுவதும் நீடித்தால், தூக்கமும் பசியும் மாறிப்போனால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு மருந்தும் உளவியல் சிகிச்சையும் இருக்கின்றன. தமிழ்நாட்டின் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு.

வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் தலைகாட்டினால் பயிற்சிகளை ஒதுக்கிவைத்துவிட்டு, அந்த நிமிடமே ஒருவரிடம் பேசுங்கள். இந்தியாவில் 14416 என்ற எண்ணில் இயங்கும் டெலி மனஸ் சேவை 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. கட்டணம் இல்லை, இருபத்து நான்கு மணி நேரமும் தமிழிலும் பேசலாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற எண் இருக்கிறது. மருத்துவரிடம் செல்லும்போது முதல் படியில் எழுதிய குறிப்பேட்டைக் கொண்டுபோங்கள். எப்போதிலிருந்து, எந்த நேரத்தில், உடலில் எங்கே என்று அவர் கேட்கப்போகும் கேள்விகளுக்கான விடைகள் அதில் இருக்கும். என்ன மாத்திரைகள் ஏற்கெனவே எடுத்துக்கொள்கிறீர்கள் என்பதையும் அதன் கடைசிப் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.